புல் மெஷினில் கம்ப்ரஷன் பார்ப்பது எப்படி: "பிளாக் போச்சு" என்றால் காசு கொடுக்கும் முன்

என் மாமா மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா என்ற ஊரில் கூலிக்குப் புல் வெட்டுகிறார். ஊருக்கு 2007ல் இந்தப் புதுப் பெயர் வந்தது, ஆனாலும் எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கோயில் வளாகம், இரண்டு சின்னச் செம்பனைத் தோட்டம், பழைய லயத்து வீடுகளின் பின்புறம், இதுதான் அவருடைய வாராந்திரச் சுற்று. போன வருடம் தீபாவளி நெருங்கும் நேரம், அதாவது தினமும் சாயங்காலம் மழை கொட்டி ஒரே வாரத்தில் புல் முழங்காலைத் தொடும் நேரம், அவருடைய மெஷின் அடம்பிடிக்க ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆகும், சும்மா வைத்திருந்தால் ஓடும், த்ரோட்டிலைப் பிடித்து லாலாங் புல்லில் இறக்கினால் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு அணைந்துவிடும்.

ஒரு கடைக்குக் கொண்டு போனார். பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் அளக்கும் கேஜை மாட்டி நாலு இழுப்பு இழுத்தார்கள். ஊசி 70 பிஎஸ்ஐயில் (அமுக்கத்தை அளக்கும் கணக்கு அது) நின்றது. "பிளாக் போச்சு அங்கிள், பிஸ்டனும் சேர்த்து மாத்தணும்" என்றார்கள். பிளாக் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர். மாமா 190 வெள்ளி கொடுத்தார். மறுநாள் புது பிளாக்கோடு கோயிலுக்குப் போனால் அதே மூச்சிரைப்பு.

சனிக்கிழமை நானும் கூடப் போய், அதே கேஜை இன்னொரு தடவை மாட்டச் சொன்னேன். 75. பெட்டியிலிருந்து எடுத்து ஒரு டேங்க் பெட்ரோல்கூட ஓடாத பிளாக், 75. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் புது ரிங் சிலிண்டரில் உட்கார ஒன்றிரண்டு டேங்க் ஆகும், அதுவரைக்கும் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் இவ்வளவு குறையாது. பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பட்டறையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அதில் அப்படியே இருந்தன. பாதி ஆயுள்கூட முடியாத பிஸ்டன் அது. கடைசியில் வியாதி எங்கே இருந்தது தெரியுமா? எக்ஸோஸ் வாயில் ஒரு சின்னக் கம்பி வலை, அது முழுக்கக் கரி. பித்தளை பிரஷால் பத்து நிமிட வேலை.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவரவில்லை, அவருடைய கேஜ் காட்டியதை அவர் நம்பினார், அவ்வளவுதான். கம்ப்ரஷன் பார்ப்பது கஷ்டமான வேலையே இல்லை, பிளக் கழற்றத் தெரிந்த யாரும் செய்யலாம். வரும் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியே இருக்கும்.

கம்ப்ரஷன் என்றால்

பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் ஒரு சின்ன இடத்துக்குள் அமுக்குகிறது. அமுக்கினால் சூடாகும், சூடானதில் பிளக் பொறி விட்டால் பலமாக வெடிக்கும். எங்காவது ஒழுகினால் அமுக்கம் வராது, மெஷின் ஸ்டார்ட் ஆகாது அல்லது சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாது. தோளில் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் புல் மெஷினில் ஒழுகக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: ரிங், சிலிண்டர் சுவர், பிளக்கின் வாஷர். பெரும்பாலானவற்றில் பிளாக்கும் தலையும் ஒரே வார்ப்பு என்பதால் ஹெட் கேஸ்கெட் என்ற பேச்சே இல்லை. தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர் மாதிரி ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வும் கேஸ்கெட்டும் கூடச் சேரும், அதற்குப் பிறகு வருகிறேன்.

கேஜ் இல்லாமலே பாதி தெரியும்

சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேகமாக இல்லை, கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி நிதானமாக. நல்ல மெஷினில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் கயிறு "மாட்டேன்" என்று எதிர்க்கும், அந்த இடத்தைத் தாண்டினதும் சட்டென்று விடும். எதிர்ப்பே இல்லாமல் வழவழ என்று வந்தால் விஷயம் இருக்கிறது.

இன்னொன்று பழைய ஆட்கள் செய்வது. கயிற்றுப் பிடியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு மெஷினைத் தொங்கவிடுவார்கள். நல்ல மெஷின் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கும், போன மெஷின் நேராகத் தரைக்குப் போகும். மரம் அறுக்கும் செயின் சா மெஷினுக்கு இது வசதி. நீளமான குழாய் உள்ள புல் மெஷினுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், பிளேடு காலில் விழும்.

இந்த இரண்டும் "நல்லா இருக்கு, ரொம்ப மோசம்" என்ற இரண்டு முனையைத்தான் காட்டும். நடுவில் இருப்பதற்குத்தான் கேஜ்.

எந்தக் கேஜ் வாங்குவது

இந்த இடத்தில்தான் மாமாவின் 190 வெள்ளி போனது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேஜில் ஒரு சின்ன வால்வு இருக்கும், சைக்கிள் டியூபில் இருப்பது மாதிரி. காற்று உள்ளே போகும், திரும்பி வராது, அதனால்தான் ஊசி கீழே விழாமல் நிற்கிறது. அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார் பார்க்கும் சில கேஜ்களில் அது டயலுக்குப் பக்கத்தில் இருக்கும், வால்வுக்கும் பிளக் துளைக்கும் நடுவே ஓர் அடி ரப்பர் குழாய். அப்படியானால் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாயையும் சேர்த்து நிரப்ப வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 33 சிசி புல் மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சுகிற இடம் சுமார் 5, 6 சிசி இருக்கும், ஒரு தேக்கரண்டிதான். உள்விட்டம் 5 மில்லிமீட்டர், நீளம் 30 சென்டிமீட்டர் உள்ள குழாயின் கொள்ளளவு கிட்டத்தட்ட 6 சிசி. ஆக, கேஜை மாட்டின உடனே மிஞ்சும் இடம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது, அமுக்கம் பாதியாகிவிட்டது. காரில் ஒரு சிலிண்டரே 400 சிசி, மிஞ்சும் இடம் 40 சிசிக்கு மேல், அங்கே இந்த 6 சிசியால் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அதே கேஜ் காரில் கிட்டத்தட்டச் சரியாகக் காட்டும், புல் மெஷினில் கைவிரிக்கும்.

எனவே வாங்கும்போது வால்வு பிளக் முனையிலேயே, அதாவது மரை உள்ள நுனியிலேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். குழாயைத் திருகி எடுத்து நுனியை விளக்கில் பிடித்துப் பார்த்தால் நடுவில் சின்ன ஊசி மாதிரி தெரியும், அதுதான். நான் வாங்கியது 65 வெள்ளி. மாமாவின் புது பிளாக்கில் அதை மாட்டினபோது 130 காட்டியது, கடைக் கேஜ் 75 காட்டின அதே பிளாக்.

மரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். டூ-ஸ்ட்ரோக் புல் மெஷின்களில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர், பிளக் கழற்ற 19 ஸ்பேனர். சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக் புல் மெஷின்களில் 10 மில்லிமீட்டர் மரையும் உண்டு, அதற்குத் தனி நுனி வேண்டும். இன்னொரு விஷயம், கேஜின் மரை உங்கள் பிளக் மரையைவிட நீளமாக இருக்கக்கூடாது. பக்கத்தில் வைத்து அளந்துபாருங்கள். நீளமாக இருந்தால் பிஸ்டன் வந்து முட்டும், அப்புறம் நிஜமாகவே பிளாக் போகும்.

ஆரம்பிக்கும் முன்

மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் மூன்று நான்கு நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சூட்டில் பிஸ்டனும் ரிங்கும் விரிந்து ஒழுங்காக உட்காரும், எண்ணெயும் சுவரில் பரவி இருக்கும். ஓடவே ஓடாத மெஷின் என்றால் குளிர்ந்த நிலையிலேயே பாருங்கள், குறிப்பில் "குளிர்" என்று எழுதிவிடுங்கள், கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

அணைத்துவிட்டுப் பிளக்கைச் சுற்றியிருக்கும் மண், புல், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் ஊதித் துடைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டுக் கழற்றினால் காய்ந்த புல்லும் மணலும் நேரே துளைக்குள் விழும். நம் ஊர்ப் புல் மெஷினைத்தான் சொல்கிறேன், பிளக்கைச் சுற்றி ஒரு குருவிக்கூடு அளவுக்குக் குப்பை இருக்கும்.

பிளக்கைக் கழற்றினதும் அதன் முனையைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் நல்லது. ஈரமாக, பெட்ரோல் வாசத்தோடு இருந்தால் சிலிண்டர் பெட்ரோலில் குளித்திருக்கிறது, சுவரில் இருந்த எண்ணெய் கழுவிப் போயிருக்கும், அந்த நிலையில் அளந்தால் கம்ப்ரஷன் குறைவாகவே காட்டும். பிளக் இல்லாமல் பத்துத் தடவை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, கால் மணி நேரம் காயவிட்டு, சிலிண்டருக்குள் பெட்ரோலில் கலக்கும் டூ-டி எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, இன்னும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு அப்புறம் அளங்கள்.

பிளக் வயரை என்ன செய்வது? சும்மா தொங்கவிடாதீர்கள். சுவிட்சை அணைத்து வையுங்கள், கழற்றின பிளக்கையே அந்த வயரில் மாட்டி, துளையிலிருந்து தள்ளி, இன்ஜினின் ஒரு வெற்று உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கட்டிவிடுங்கள். நீங்கள் இழுக்கும்போது துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்தில் பொறி பறந்தால் பற்றிக்கொள்ளும். வயர் எதையும் தொடாமல் இருந்தால் மின்சாரம் போக வழியில்லாமல், பொறிக்கு மின்சாரம் தரும் காயில் (coil) கெட்டுப்போகலாம். சிகரெட் பற்றிச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் மாமாவுக்குச் சொல்லவேண்டி இருந்தது.

அளப்பது

கேஜை முதலில் கையால் திருகுங்கள். ரப்பர் வளையம் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் கையாலேயே இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். சோக்கைத் திறந்து விடுங்கள், அதாவது ஓடும் நிலைக்கு. த்ரோட்டிலை முழுக்க அழுத்தி ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். பலர் இதை மறக்கிறார்கள். த்ரோட்டில் மூடியிருந்தால் உள்ளே போகக் காற்றே இல்லை, இல்லாத காற்றை எப்படி அமுக்குவது?

மெஷினைத் தரையில் வைத்து, ஒரு காலால் அழுத்திப் பிடித்து, வழக்கமாக ஸ்டார்ட் செய்கிற வேகத்தில் இழுங்கள். இப்போது டயலைப் பாருங்கள். என் மாமாவின் மெஷினில் முதல் இழுப்பில் ஊசி 70ஐத் தாண்டியது, இரண்டாவதில் 100, மூன்றாவதில் 120, நாலாவதில் 128, அப்புறம் 130ல் அசையாமல் நின்றது. அந்த ஏறும் விதத்தையும் பாருங்கள், கடைசி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். முதல் இழுப்பிலேயே பாதிக்கு மேல் ஏறினால் நல்ல அறிகுறி. 30, 45, 55, 65 என்று கிழவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறினால் ஒவ்வொரு அமுக்கத்திலும் ஒழுகுகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் ரிங்.

ஊசி நின்ற பிறகு இன்னும் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். மொத்தம் ஏழெட்டு இழுப்பு ஆகும். எண்ணை எழுதுங்கள், பக்கத்தில் இருக்கும் பித்தான் குமிழை அழுத்திக் காற்றை விட்டு, மறுபடியும் முதலிலிருந்து. மூன்று தடவை. மூன்றும் ஐந்து பிஎஸ்ஐக்குள் இருந்தால் நம்பலாம். ஒன்று 90, ஒன்று 120 என்றால் ரப்பர் வளையம் ஒழுகுகிறது அல்லது உங்கள் கை தளர்ந்துவிட்டது.

எண் என்ன சொல்கிறது

பெரும்பாலான டூ-ஸ்ட்ரோக் புல் மெஷின், செயின் சாவில் 120இலிருந்து 150 பிஎஸ்ஐ வரை வந்தால் ஆரோக்கியம். 110 பக்கம் வந்தால் ஓடும், வயதாகிறது. 100க்குக் கீழே போனால் ஸ்டார்ட் செய்ய உங்கள் தோள்பட்டைதான் விலை கொடுக்கும், 90க்குக் கீழே பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். உங்கள் மெஷினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். டயலில் சிலசமயம் பார் அல்லது கிலோ கணக்கு மட்டும் இருக்கும், ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 14.2.

170, 180 என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். உள்ளே கரி படிந்து இடம் குறுகியிருக்கலாம், அல்லது எண்ணெய் தேங்கியிருக்கலாம்.

ஓர் உபரித் தகவல். கேமரன் மலையில் தேயிலைப் பக்கம் இருப்பவர்கள் இதே மெஷினை அளந்தால் நம்மைவிட 15 சதவீதம் குறைவாகத்தான் வரும். 1,400, 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே அவ்வளவு குறைவு. இங்கே 130 காட்டும் மெஷின் அங்கே 110, மெஷின் மேல் தப்பு இல்லை.

உங்களிடம் இருப்பது குழாய்க் கேஜ் மட்டும்தான், புதிது வாங்க மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. அதே மாடல் மெஷின், நன்றாக ஓடுகிற ஒன்று, யாரிடமாவது இருக்கும். எங்கள் ஊரில் ஒரு மாடல் ஓடினால் நாலு வீட்டில் அதேதான் இருக்கும். அதே கேஜால் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். நல்லது 75, உங்களுடையது 72 என்றால் பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது.

குறைவாக வந்தால்: எண்ணெய்ச் சோதனை

கேஜைக் கழற்றித் துளை வழியாகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெதுவாக ரெண்டு சுற்று சுற்றிப் பரவவிட்டு, மறுபடியும் அளங்கள். எண் நன்றாக ஏறினால் ஒழுகுவது ரிங் பக்கம், எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வு அல்லது கேஸ்கெட், டூ-ஸ்ட்ரோக்கில் பிளக் மரை, அல்லது அடைப்பதற்கு எண்ணெயால்கூட முடியாத அளவுக்குக் கீறின சிலிண்டர்.

எவ்வளவு எண்ணெய்? ஒரு தேக்கரண்டி என்று பல இடத்தில் சொல்வார்கள், அது கார் கணக்கு. மேலே சொன்ன 33 சிசி மெஷினில் மிஞ்சும் இடமே ஒரு தேக்கரண்டி! அவ்வளவு விட்டால் எண்ணெயே இடத்தை அடைத்துக்கொண்டு, செத்த மெஷினைக்கூட உயிரோடு இருப்பதாகக் காட்டும், போதாததற்குப் பிஸ்டன் திரவத்தில் முட்டி ஏதாவது வளையும். நாலைந்து சொட்டு போதும்.

எக்ஸோஸ் வழியாக எட்டிப் பாருங்கள்

கேஜைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். மெஷின் நன்றாக ஆறினதும் எக்ஸோஸ் டப்பாவைக் கழற்றுங்கள், இரண்டு மூன்று போல்ட்தான். உள்ளே சிலிண்டரின் வாய் தெரியும். கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்குங்கள். பிஸ்டனின் பக்கச் சுவர் மங்கலான வெள்ளியாக, குறுக்கே மெல்லிய கோடுகளோடு இருந்தால் நல்ல பிஸ்டன். மேலிருந்து கீழாக நகத்தால் கிழித்த மாதிரி கோடுகள் இருந்தால் எண்ணெய் போதாமலோ காற்று அதிகமாகியோ உரசியிருக்கிறது. ரிங்கை ஒரு மரக்குச்சியால் மெல்ல அழுத்துங்கள், ஸ்பிரிங் மாதிரி உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். அசையவே இல்லை என்றால் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கார்பரேட்டர் பக்கமும் கழற்றி இதேபோல் பாருங்கள். எக்ஸோஸ் பக்கம் மட்டும் கீறல் என்றால் பெரும்பாலும் எண்ணெய், சூட்டுப் பிரச்சினை. கார்பரேட்டர் பக்கம் மங்கி உரசிப்போயிருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது, ஏர் ஃபில்டர் கிழிந்திருக்கும் அல்லது யாரோ "காத்து நல்லா போகட்டும்" என்று அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள்.

எண்ணெய்க் கலவை பற்றி ஒரே வார்த்தை. 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்று கையேட்டைப் பாருங்கள். மாமா இத்தனை வருடமும் எண்ணெய் டப்பா மூடியால் "ஒரு மூடி" என்று ஊற்றிக்கொண்டிருந்தார், அளந்து பார்த்தால் அந்த மூடி 12 மில்லி. இப்போது மருந்துக் கடையில் வாங்கின ஊசிக் குழாயால் அளக்கிறார்.

அந்த எக்ஸோஸ் டப்பாவைத் திருப்பி மாட்டும் முன் அதன் வாயில் கம்பி வலை இருக்கிறதா என்று பாருங்கள், எல்லா மெஷினிலும் இருக்காது. இருந்தால் சுத்தம் செய்துவிடுங்கள். நான் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

கேஜுக்குத் தெரியாத ஒரு வியாதியும் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையும் காற்று ஒழுகாமல் இருக்கவேண்டும். அங்கே ஆயில் சீல் போயிருந்தால் கம்ப்ரஷன் 130 காட்டும், ஆனாலும் மெஷின் தானாக ரேஸ் ஆகும், சூடானால் அணையும். கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் இப்படி நடந்தால் மெக்கானிக்கிடம் "கிராங்க் அறையைப் பிரஷர் போட்டுப் பாருங்கள்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் கதையே வேறு

என் பெரியம்மா மகன் கனடாவில் எட்மன்டனில் இருக்கிறான். அங்கே வீட்டு வாசலில் பனியை அள்ளி ஒரு பக்கமாக வீசுகிற மெஷின் வைத்திருக்கிறார்கள், ஸ்னோ புளோவர். நாம் லாலாங்கோடு மல்லுக்கட்டுகிற மாதிரி அவர்கள் பனியோடு. ஒரு நாள் இரவு 11 மணிக்குக் கைப்பேசி அடிக்கிறது, அவனுக்குக் காலை 8. முதல் பெரிய பனி கொட்டியிருக்கிறது, மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை, கேஜ் போட்டால் 55 காட்டுகிறது, "இன்ஜின் செத்துப்போச்சாடா?" என்று கேட்கிறான்.

சாகவில்லை. இந்த மாதிரி ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றில், தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், தள்ளுகிற புல் மெஷின் எல்லாவற்றிலும்தான், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. கயிறு இழுக்கும் மெதுவான வேகத்தில் அது எக்ஸோஸ் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அமுக்கத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும், இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய பிஸ்டனைக் கையால் இழுக்க முடியாது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அது தானாக விலகிக்கொள்ளும். நாம் கேஜ் வைத்து இழுப்பதோ அந்த மெதுவான வேகத்தில். அதனால் 40, 60, 80 என்று எது வந்தாலும் அதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் மாதிரி கம்பெனி தன் சின்ன இன்ஜின்களுக்குக் கம்ப்ரஷன் எண்ணை வெளியிடுவதே இல்லை, ஒழுகல் சோதனை செய் என்றுதான் சொல்கிறது.

அந்த ஒழுகல் சோதனை இப்படி. பிளக் துளையில் காற்றுக் குழாய் மாட்டி, பிஸ்டனை அமுக்கத்தின் உச்சியில் நிறுத்தி, வெளியிலிருந்து கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டு, எங்கே உஸ் என்கிறது என்று காதால் கேட்பது. எக்ஸோஸில் கேட்டால் எக்ஸோஸ் வால்வு, கார்பரேட்டரில் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் பலமாகக் கேட்டால் ரிங். சவர்க்காரத் தண்ணீர் தடவி ஹெட் ஓரத்தில் குமிழி வந்தால் கேஸ்கெட். எண்ணெய் வாயில் லேசான உஸ் எல்லா இன்ஜினிலும் இருக்கும், அதைக் கண்டு பயப்படாதீர்கள். பிஸ்டன் உச்சியிலிருந்து நூலளவு விலகினாலும் காற்று அதைச் சடாரென்று சுழற்றிவிடும், அதனால் சுழலும் எதன் பக்கத்திலும் கை இருக்கக்கூடாது, ஷாஃப்டை அசையாமல் கட்டியிருக்கவேண்டும், ஸ்னோ புளோவரில் பனி அள்ளும் திருகுப் பகுதி இணையாமல் இருக்கவேண்டும். புதிதாகச் செய்பவர்கள் இதை மட்டும் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

அதற்கு முன்னாடியே வால்வு இடைவெளியைப் பார்த்துவிடுவது நல்லது, செலவில்லாத வேலை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியைக் கழற்றித் தகட்டு அளவியை விட்டுப் பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், எக்ஸோஸ் வால்வுக்கு 0.20. இடைவெளியே இல்லாமல் போயிருந்தால் வால்வு முழுக்க மூடாது, ஒழுகும். ரொம்ப அதிகமாகியிருந்தால் மேலே சொன்ன அந்தத் தூக்குகிற ஏற்பாடு வால்வைத் தொடாது, கயிறு கல் மாதிரி இறுகிக் கையைப் பிடுங்கும்.

தம்பியின் இன்ஜினில் வால்வும் சரி, ஒழுகலும் சரி. அவன் மார்ச் மாதம் மெஷினை நிறுத்தினபோது பெட்ரோலை டேங்கிலேயே விட்டிருந்தான், எட்டு மாதத்தில் அது கார்பரேட்டரில் பிசின் மாதிரி ஆகி, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்திருந்தது.

திருப்பி மாட்டும்போது

பிளக்கைக் கையால் மட்டும் திருகி அடிவரைக்கும் கொண்டுபோங்கள். நடுவில் இறுகினால் நிறுத்திப் பின்னால் சுற்றி மறுபடியும் ஆரம்பியுங்கள், அலுமினிய மரை, ஒரு தடவை குறுக்கே ஏறினால் அவ்வளவுதான். அடியைத் தொட்டதும் ஸ்பேனரால் இறுக்கம்: புது பிளக், புது வாஷர் என்றால் அரைச் சுற்று. ஏற்கெனவே நசுங்கின பழைய வாஷர் என்றால் கடிகாரத்தில் ஒரு மணி நகர்கிற தூரம், அதற்கு மேல் வேண்டாம். த்ரோட்டிலில் கட்டின ரப்பர் பேண்டை அவிழ்த்துவிட்டீர்களா என்று இன்னொரு தடவை பாருங்கள். முழு த்ரோட்டிலில் ஸ்டார்ட் ஆனால் பிளேடு அந்த நொடியே சுழலும்.

கடைசியாக, தேதி, எண், சூடா குளிரா, எந்தக் கேஜ், இந்த நாலையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி டேங்குக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். மாமாவின் மெஷினில் இப்போது மூன்று வரி இருக்கிறது: 130, 138, 136. இரண்டாவதில் ஏறினது புது ரிங் உட்கார்ந்ததால். பழைய பிளாக்கும் பிஸ்டனும் நெகிழிப் பையில் சுற்றி அவருடைய சாமான் அறையில் பத்திரமாக இருக்கின்றன, அடுத்த தடவைக்கு.